கிளை பெருகுவதும் குழுமம் வளர்வதும்: ஜொலிபீயை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள லக்கி பிளாசா கடைத்தொகுதிக்குள் ஒருமுறையாவது நுழைந்தவர்கள் அங்குள்ள நெரிசலை மறந்திருக்க மாட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பவும், தோழிகளைச் சந்திக்கவும், தங்கள் நாட்டுச் சமையலைச் சாப்பிடவும் பிலிப்பீன்ஸைச் சேர்ந்த இல்லப் பணிப்பெண்களும் மற்ற ஊழியர்களும் வார ஓய்வு நாளில் அங்கே கூடுவது நெடுங்கால வழக்கம். ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிரம்பி வழிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமானதன்று. அந்தக் கட்டடத்தில்தான் 2013ஆம் ஆண்டு, சிவப்புத் தேனீயைச் சின்னமாகக் கொண்ட பிலிப்பீன்ஸ் துரித உணவு நிறுவனமான ஜொலிபீயின் உணவகம் திறக்கப்பட்டது. பொரித்த கோழிக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து வியந்த பலருக்கு, ஜொலிபீ சிங்கப்பூருக்கு வருவது அது முதல் முறையன்று என்பது தெரிந்திருக்காது. 1985ஆம் ஆண்டிலேயே அது இங்கு வந்து கடை திறந்து, மறு ஆண்டே மூடிவிட்டுச் சென்றிருந்தது.

ஒரே ஊர், ஒரே பெயர். முதல் முறை நெடுநாள் நிலைக்காத கடை, ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஏன் நிலைத்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் அடிக்கடி வரும் 'உணவகக் குழுமத்தின் வளர்ச்சி' என்ற சொற்றொடரின் பொருள் பெரும்பாலும் விளங்கிவிடும். வணிகப் படிப்பு எதுவும் இல்லாதவர்களும் பின்தொடரும் வகையில் அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தாய்மாமா சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்திவந்தார். மதிய நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. எல்லாரும் சொல்கிறார்களே என்று வேறொரு வட்டாரத்தில் இரண்டாவது கடையைத் திறந்தார். அதே பெயர்ப்பலகை, அதே விலை, அதே உணவுப் பட்டியல். ஆனால் மீன் குழம்பின் ருசி மட்டும் அங்கே வரவில்லை, ஏனென்றால் அந்தக் குழம்பு அத்தையின் கையில் இருந்தது. அத்தை ஒரே நேரத்தில் இரண்டு அடுப்படிகளில் நிற்க முடியாது. இரண்டு ஆண்டு முடிவதற்குள் அந்தக் கடையை மூட வேண்டியதாயிற்று. கிளை என்பது கடையின் பெயரைப் படி எடுப்பது. வளர்ச்சி என்பது அந்தக் கையையே படி எடுப்பது என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். துரித உணவுத் தொழிலின் அடிப்படைச் சிக்கலும் இதுவேதான்.

பனிக்கூழ்க் கடையிலிருந்து

ஜொலிபீயின் நிறுவனர் டோனி டான் காக்தியோங். அவருடைய பெற்றோர் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து பிலிப்பீன்ஸில் குடியேறியவர்கள்; தந்தை சமையல்காரராக வேலை பார்த்துப் பின்னர் டாவாவ் நகரில் சொந்தமாக உணவகம் வைத்தவர். வேதிப் பொறியியல் படித்த டோனி, 1975ஆம் ஆண்டில், தமது இருபதுகளின் தொடக்கத்தில், மணிலா வட்டாரத்திலுள்ள குபாவ், கியாப்போ ஆகிய இடங்களில் மக்னோலியா என்ற பனிக்கூழ் நிறுவனத்தின் விற்பனை உரிமத்தைப் பெற்றுக் கடை வைத்தார். பனிக்கூழோடு சூடான ரொட்டி வகைகளையும் சேர்த்து விற்றபோது, வாடிக்கையாளர்கள் அவற்றுக்காகவே வருவதை அவர் கவனித்தார். 1978ஆம் ஆண்டில் கடைகள் ஜொலிபீ என்ற பெயரில் பர்கர் உணவகங்களாக மாறி, நிறுவனமும் முறையாகப் பதிவுபெற்றது. 1980ல் சிக்கன்ஜாய் என்னும் பொரித்த கோழி பட்டியலில் சேர்ந்தது.

மறு ஆண்டே மெக்டானல்ட்ஸ் பிலிப்பீன்ஸுக்குள் நுழைந்தது. நம் சிங்கப்பூரில் அது 1979ஆம் ஆண்டு அக்டோபரில் லியட் டவர்ஸில் முதல் கடையைத் திறந்து பெருங்கூட்டத்தை ஈர்த்திருந்த காலம் அது. அந்தப் போட்டியில் ஜொலிபீ தாக்குப்பிடித்ததற்குப் பல காரணங்கள் கூறப்பட்டாலும், ருசியையே நான் முதலில் வைப்பேன். பிலிப்பீன்ஸ் மக்கள் விரும்பும் சற்றே இனிப்பான சுவை பர்கரிலும் ஸ்பகெட்டியிலும் இருந்தது. பொரித்த கோழி சோற்றோடும் குழம்புச் சாற்றோடும் பரிமாறப்பட்டது. வெளிநாட்டு வடிவத்துக்குள் உள்ளூர் நாக்கு கேட்ட உணவு இருந்தது. பெரிய நிறுவனம் ஒன்று உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுத்த சுவையை ஒரே ஒரு நாட்டுக்காக முற்றிலும் மாற்றிக்கொள்வது எளிதன்று. அந்த இடைவெளியில்தான் ஜொலிபீ கால் ஊன்றியது. 1993ஆம் ஆண்டில் அது பிலிப்பீன்ஸ் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு, பொதுமக்களிடமிருந்து முதலீடு திரட்டும் நிலைக்கு உயர்ந்தது.

அத்தையின் கையைப் படி எடுப்பது

ஒரு கடை ஐம்பது கடையாகும்போது, ஐம்பது கடைகளிலும் கோழி ஒரே மாதிரி மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். ஐம்பது திறமையான சமையல்காரர்களைத் தேடிப் பிடிப்பது அதற்கு வழியன்று. சமையலில் திறமை தேவைப்படும் பகுதியை ஒரே இடத்துக்குக் கொண்டுசென்றுவிடுவதே துரித உணவுத் தொழில் கண்ட வழி. அந்த இடத்துக்கு மத்திய சமையற்கூடம் என்று பெயர். கோழியை வெட்டுவது, மசாலாவில் ஊறவைப்பது, சாறு காய்ச்சுவது, மாவு கலப்பது ஆகியவை அங்கே எடைக்கல் வைத்தாற்போல் அளவு பிசகாமல் நடக்கின்றன. கடைக்கு வந்து சேர்வது அரைப்பங்கு முடிந்த உணவு. கடையில் நிற்கும் ஊழியர் எண்ணெயின் வெப்பத்தையும் நேரத்தையும் மட்டும் கவனித்தால் போதும். சில நாள் பயிற்சியில் புதியவர் ஒருவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிடலாம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது புதிதன்று. 1956ல் சிறு கடையாகத் தொடங்கிய ஓல்ட் சாங் கீயின் கறி பஃப், தொழிற்கூடத்தில் உருவாகிக் கடையில் பொரிக்கப்படுகிறது. எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய மிகச் சிறிய இடத்தில்கூட அதனால் கடை நடத்த முடிகிறது. நம் நாட்டில் இதற்கு இரண்டு கூடுதல் காரணங்கள் உள்ளன. கடைத்தொகுதிகளில் ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை கனமானது. விலையுயர்ந்த அந்த இடத்தில் வெங்காயம் உரிக்க ஒரு மூலையை ஒதுக்குவது நட்டம். மற்றொன்று ஊழியரணி. சேவைத் துறை நிறுவனமொன்றின் மொத்த ஊழியர்களில் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஆகிய வெளிநாட்டு ஊழியர் அனுமதிகளை வைத்திருப்பவர்கள் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருப்பதால், கடைக்குக் கடை சமையல்காரர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கிளை பெருக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது. தேக்காவில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வாடகைக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

மத்திய சமையற்கூடத்தின் பலமே அதன் பலவீனமும் ஆகும். 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஜொலிபீ தன் கணினி அமைப்பைப் புதியதற்கு மாற்றியபோது, சரக்கு ஆணைகளைக் கையாள்வதிலும் கடைகளுக்கு அனுப்புவதிலும் குளறுபடி ஏற்பட்டது. பல கடைகளில் சிக்கன்ஜாயே இல்லாமல் போயிற்று. பிலிப்பீன்ஸில் 72 கடைகளைத் தற்காலிகமாக மூட நேர்ந்தது. கோழிக்கும் பஞ்சமில்லை, வாடிக்கையாளருக்கும் பஞ்சமில்லை. எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கணினிதான் தடுமாறியது. என் மாமாவின் கடையில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு கடைக்குத்தான் குழம்பு இருக்காது. மையத்துக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஆகஸ்ட் மாதம் காட்டியது.

சொந்தக் கடையும் கிளையுரிமையும்

ருசியைப் படி எடுக்கும் வழி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, கடை திறக்கும் பணம் யாருடையது என்பது.

நிறுவனமே முதல் போட்டு, ஊழியரை நியமித்து, லாப நட்டம் இரண்டையும் ஏற்பது சொந்தக் கடை. வளர்ச்சி நிதானமாக இருக்கும். பிடி முழுமையாக இருக்கும். ஃபிரான்சைஸ் என்று வழக்கில் சொல்லப்படும் கிளையுரிமை முறையில், கடைக்கான முதலை வேறொருவர் போடுகிறார். பெயரையும் செய்முறையையும் பயிற்சியையும் நிறுவனம் கொடுக்கிறது. அதற்கு ஈடாகத் தொடக்கத்தில் ஒரு தொகையும், பிறகு விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டை ராயல்டியாகவும் பெற்றுக்கொள்கிறது. இங்கே புதியவர்கள் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. ராயல்டி கணக்கிடப்படுவது லாபத்தின் மீதன்று, விற்பனையின் மீது. கடைக்காரர் அந்த மாதம் நட்டப்பட்டிருந்தாலும் நிறுவனத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தாக வேண்டும். அதனால் இருவருடைய நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெரும் தள்ளுபடி அறிவித்து விற்பனையைக் கூட்டுவது நிறுவனத்துக்கு ஆதாயமாக இருக்கும் அதே வேளையில், கடைக்காரருக்கு அது சுமையாகலாம். எண்ணெயை இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் பயன்படுத்துவது கடைக்காரருக்குச் சிக்கனமாகத் தோன்றும். நிறுவனத்தின் பெயருக்கோ அது கேடு.

1985ல் சிங்கப்பூரில் நடந்தது இத்தகைய உரசல்தான். ஜொலிபீ, உள்ளூர் நிர்வாகி, பிலிப்பீன்ஸ் சீன முதலீட்டாளர்கள் ஆகியோர் பங்காளிகளாகச் சேர்ந்து இங்கே கடை திறந்தார்கள். சில காலத்திலேயே உள்ளூர் நிர்வாகத்துக்கும் மணிலா தலைமையகத்துக்கும் இடையே உறவு கெட்டது. தரத்தையும் தூய்மையையும் பார்வையிட வந்த தலைமையக ஆய்வாளர்களுக்கு இங்கே ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. தன் பெயரைத் தாங்கிய கடைக்குள் தானே எட்டிப்பார்க்க முடியாத நிலை வந்ததும், 1986ல் ஜொலிபீ உரிமத்தை விலக்கிக்கொண்டு கடையை மூடியது. அந்தத் தோல்விக்குச் சிங்கப்பூர் வாடிக்கையாளரின் நாக்கு காரணமன்று. ஒப்பந்தத்தின் உள்ளே இருந்த நம்பிக்கைக் குறைவே காரணம். தைவானில் 1986ல் பாதிப் பாதிப் பங்குடன் தொடங்கிய கூட்டு முயற்சியும் 1988ல் முடிவுக்கு வந்தது. அதற்கு மாறாக, 1987ல் புருணையில் தொடங்கிய கூட்டு முயற்சி நிலைத்தது. அங்கே உள்ளூர்ப் பங்காளி, கடை நடத்தும் பொறுப்பை ஜொலிபீயிடமே விட்டுவிட்டுப் பின்னால் நின்றார். கடையை யார் நடத்துவது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது. மூன்று நாடுகளும் ஏறக்குறைய ஒரே காலம், நிறுவனமும் ஒன்றே. பங்காளியோடு செய்துகொண்ட ஏற்பாடு மட்டும் வேறு வேறு. பொருளியல் மாணவர் ஒருவர் கிளையுரிமை என்றால் என்னவென்று என்னிடம் கேட்டால், இலக்கணத்தைச் சொல்வதற்கு முன் இந்த மூன்று ஊர்க் கதையைத்தான் சொல்வேன்.

கிளையுரிமையில் உறவு தலைகீழாக மாறுவதும் உண்டு. அதற்கு நம் ஊரிலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. காஃபி பீன் அண்ட் டீ லீஃப் 1963ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிறந்த காப்பிக் கடை. 1990களின் நடுப்பகுதியில் சிங்கப்பூரைச் சேர்ந்த சசூன் குடும்பத்தார் இவ்வட்டாரத்துக்கான அதன் கிளையுரிமையைப் பெற்றார்கள். இங்கே வணிகம் செழித்தது. 1998ல் அவர்கள் அமெரிக்காவிலிருந்த தாய் நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள். உரிமம் கேட்டுச் சென்றவர் உரிமையாளரே ஆன கதை அது. அதே காப்பி நிறுவனம் 2019ஆம் ஆண்டில் 350 மில்லியன் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. வாங்கியது, 1986ல் சிங்கப்பூரை விட்டு வெளியேறிய அதே ஜொலிபீ.

பிறர் வளர்த்த மரத்தை வாங்குவது

அங்கிருந்து மூன்றாவது வழிக்கு வருகிறோம். விதை போட்டு நீர் ஊற்றிக் காத்திருக்காமல், காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தையே விலைக்கு வாங்குவது கையகப்படுத்தல். ஒரே பெயரில் இயங்கும் கடைகளைச் சங்கிலித்தொடர் என்றும், பல பெயர்களைத் தன் நிழலில் வைத்திருப்பதைக் குழுமம் என்றும் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. ஜொலிபீ ஃபூட்ஸ் கார்ப்பரேஷன் குழுமமாக மாறத் தொடங்கியது 1994ல் கிரீன்விச் பீட்சாவில் பெரும்பங்கு வாங்கியபோதுதான். 2000ல் சீன உணவு விற்கும் சௌகிங், 2005ல் ரெட் ரிப்பன் அடுமனை, 2010ல் கரியில் சுட்ட கோழிக்குப் பெயர்போன மாங் இனாசல் என்று அடுத்தடுத்து வந்தன.

ஒரே நிறுவனம் ஏன் இத்தனை பெயர்களை வைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு தெருவில் ஒரே பெயரில் நான்கு கடைகளைத் திறந்தால் அவை ஒன்றின் வாடிக்கையாளரை இன்னொன்று பறித்துக்கொள்ளும். பர்கர், பீட்சா, நூடல்ஸ், சுட்ட கோழி என்று நான்கு பெயரில் திறந்தால், இன்று எதைச் சாப்பிடலாம் என்று வாடிக்கையாளர் மனம் மாறினாலும் பணம் அதே வீட்டுக்குள் வந்துசேரும். கோழியும் எண்ணெயும் சோறும் மொத்தமாக வாங்கப்படுவதால் விலையும் குறையும். கடைத்தொகுதி உரிமையாளரிடம் வாடகை பேசும்போது நான்கு கடைகளுக்கும் சேர்த்துப் பேசும் வலிமையும் கிடைக்கும். சிங்கப்பூரில் பிரெட்டாக் குழுமத்தை இதே கண்ணோடு பார்க்கலாம்: அடுமனை, டோஸ்ட் பாக்ஸ், ஃபுட் ரிபப்ளிக் என்று ஒரே கடைத்தொகுதியின் வெவ்வேறு மாடிகளில் அது நம்மைச் சந்திக்கிறது.

மாங் இனாசலின் விலைக் கணக்கு புதியவர்களுக்கு ஒரு நல்ல பாடம். 2010ல் அதன் 70 விழுக்காட்டுப் பங்கை ஜொலிபீ, பிலிப்பீன்ஸ் நாணயமான பெசோவில் 300 கோடிக்கு வாங்கியது. எஞ்சிய 30 விழுக்காட்டை 2016ல் 200 கோடி பெசோவுக்கு வாங்கியது. முதல் கணக்கின்படி முழு நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 430 கோடி. இரண்டாம் கணக்கின்படி ஏறத்தாழ 670 கோடி. ஆறு ஆண்டில் மதிப்பு பாதிக்கும் மேல் கூடியிருக்கிறது. முதலில் பெரும்பங்கை வாங்கி, நிறுவனரைச் சிறுபங்குடன் உள்ளேயே வைத்துக்கொண்டு, பிறகு மீதியை வாங்கும் இந்த முறை ஒரு பாதுகாப்பு. அந்தத் தொழிலின் சூட்சுமம் தெரிந்தவர் உடனே வெளியேறிவிடாமல் இருப்பார்.

எல்லாக் கையகப்படுத்தலும் இப்படி இனிப்பதில்லை. அமெரிக்காவின் ஸ்மாஷ்பர்கரில் 2015ல் 40 விழுக்காட்டுப் பங்கு வாங்கிய ஜொலிபீ, 2018ல் அதை முழுமையாகத் தன்வசமாக்கியது. ஆனால் அந்தக் கடைகளின் நட்டம் குழுமத்தின் லாபத்தைப் பல காலம் கீழே இழுத்தது. பிலிப்பீன்ஸில் மெக்டானல்ட்ஸோடு போட்டியிட உதவிய உள்ளூர் நாக்கின் அறிவு, பர்கர் பிறந்த நாட்டிலேயே பர்கர் விற்பதற்கு அதே அளவில் உதவாது என்பது என் கணிப்பு. சீனாவின் யொங்ஹெ கிங்கை 2004ல் வாங்கியதும், வியட்நாமின் ஹைலண்ட்ஸ் காஃபியில் 2012ல் பங்கு பெற்றதும் வேறு வகை. அவை அந்தந்த நாட்டு மக்கள் ஏற்கெனவே விரும்பிய உணவும் காப்பியும் ஆகும். அங்கே ஜொலிபீ கொண்டுவர வேண்டியது முதலும் நிர்வாகமும் மட்டுமே. ஹாங்காங்கின் டிம் ஹோ வான் திம்சம் கடையும், சிங்கப்பூரில் பதிவான ஒரு முதலீட்டு நிதியின் வழியாகவே ஜொலிபீயின் கைக்கு நெருங்கி வந்தது.

தலைப்புச் செய்தியை எப்படிப் படிப்பது

'விற்பனை 35 விழுக்காடு உயர்வு' என்று ஒரு தலைப்பு வந்தால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். ஒரு சிறிய கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்குப் பத்துக் கடைகள்; ஒவ்வொன்றும் மாதம் 100,000 வெள்ளி விற்கிறது; மொத்தம் 1 மில்லியன் வெள்ளி. மறு ஆண்டு மேலும் ஐந்து கடைகள் திறக்கப்படுகின்றன. இப்போது பதினைந்து கடைகளும் ஆளுக்கு 90,000 வெள்ளி விற்கின்றன. மொத்தம் 1.35 மில்லியன். தலைப்பில் சொன்ன 35 விழுக்காடு உண்மை. ஆனால் பழைய பத்துக் கடைகளில் ஒவ்வொன்றிலும் விற்பனை 10 விழுக்காடு சரிந்திருக்கிறது. புதிய கடைகள் பழையவற்றின் வாடிக்கையாளரைப் பிய்த்துக்கொண்டனவா, ருசி இறங்கிவிட்டதா, பக்கத்தில் போட்டியாளர் வந்துவிட்டாரா என்று தெரியாது. எதுவாக இருப்பினும், வாடகையும் சம்பளமும் பத்து விழுக்காடு குறைந்திருக்காது. ஓராண்டுக்கு மேலாக இயங்கிவரும் கடைகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடும் அளவுக்கு ஒரே கடை விற்பனை வளர்ச்சி என்று பெயர். உணவகக் குழுமத்தின் நாடியைப் பார்க்க வேண்டுமானால் நான் கை வைக்கும் இடம் அதுதான்.

இன்னொரு சொல்லும் குழப்பம் தரும். ஒட்டுமொத்தக் கட்டமைப்பு விற்பனை என்பது சொந்தக் கடை, கிளையுரிமைக் கடை எல்லாவற்றின் கல்லாப்பெட்டியிலும் விழுந்த பணத்தின் கூட்டுத்தொகை. நிறுவனத்தின் வருவாய் என்பது வேறு. கிளையுரிமைக் கடை ஒன்று 100,000 வெள்ளி விற்று, ராயல்டி 5 விழுக்காடாக இருந்தால், முதல் கணக்கில் 100,000 என்றும் இரண்டாம் கணக்கில் 5,000 என்றும் அதே கடை பதிவாகும். கடைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான் கண்ணைக் கட்டும். 2024ஆம் ஆண்டில் ஜொலிபீ தென்கொரியாவின் காம்போஸ் காஃபியில் 70 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோது, 2,600க்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் குழுமத்தின் பட்டியலில் ஏறின. அவற்றில் பெரும்பாலானவை கிளையுரிமையில் இயங்கும், மலிவு விலைக் காப்பி விற்கும் சிறு கடைகள். குடும்பத்தோடு உட்கார்ந்து கோழியும் சோறும் சாப்பிடும் ஓர் உணவகத்தையும் அத்தகைய கடையையும் 'ஒன்று, ஒன்று' என எண்ணிக் கூட்டினால் எண் பெரிதாகும், விளக்கம் கிடைக்காது.

சொந்தக் கடை அதிகமாக இருப்பதன் அபாயம் 2020ல் வெளிப்பட்டது. கொவிட்-19 காலத்தில் கதவடைப்பு நடந்தபோது வாடகையும் சம்பளமும் நிறுவனத்தின் தலையிலேயே விழுந்தன. ஜொலிபீ அந்த ஆண்டு பெரும் நட்டத்தைக் கண்டது. 700 கோடி பெசோ ஒதுக்கி, நட்டத்தில் இயங்கிய கடைகளை மூடுவது உள்ளிட்ட சீரமைப்பை மேற்கொண்டது. பிறருடைய முதலீட்டில் கடை பெருகும் காம்போஸ் காஃபி போன்ற நிறுவனங்களின்மீது நான்கு ஆண்டு கழித்து அதன் கண் விழுந்ததை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

புலம்பெயர்ந்தவர்களின் பின்னே

லக்கி பிளாசாவுக்கே திரும்புவோம். ஜொலிபீயின் வெளிநாட்டுக் கடைகள் தொடக்கத்தில் எங்கே அமைந்தன என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால், அவை பிலிப்பீன்ஸ் மக்கள் வேலைக்காகவும் குடியேற்றத்துக்காகவும் சென்ற வழித்தடத்தையே பெரும்பாலும் ஒத்திருக்கும். அமெரிக்காவின் முதல் கடை 1998ல் கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் அமைந்தது. அது பிலிப்பீன்ஸ் வம்சாவளியினர் திரளாக வாழும் நகர். வீட்டு ஏக்கம் ஒரு நம்பகமான வாடிக்கையாளர். விளம்பரம் தேவையில்லை, சுவையை விளக்க வேண்டியதில்லை, திறப்பு விழா அன்றே வரிசை நிற்கும். வெளிநாட்டுக்கு வந்த முதல் மாதத்தில் தோசைக்காகச் சிராங்கூன் சாலையைத் தேடிச் சென்ற எவருக்கும் இது புரியும். 1947ல் தொடங்கிய கோமளவிலாஸ் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நிற்பதில் அந்த ஏக்கத்துக்கும் பங்குண்டு.

ஆனால் ஏக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நகரில் எத்தனை பிலிப்பீன்ஸ் ஊழியர்கள் இருக்கிறார்களோ அத்தனை பேரோடு அந்தச் சந்தை முடிந்துவிடுகிறது. அவர்களில் பலருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வாரத்தின் மற்ற ஆறு நாளும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டாம் கட்டம் ஒன்று தேவைப்படுகிறது: அந்த ருசியோடு எந்த நினைவும் இல்லாதவர்கள், அது நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டுமே வந்து வாங்க வேண்டும். 2018ஆம் ஆண்டில் ஜொலிபீ மிலான், லண்டன், நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆகிய இடங்களில் கடை திறந்தபோது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் சோதித்துப் பார்த்தது.

சிங்கப்பூரில் அந்தச் சோதனையை நாமே நேரில் காணலாம். ஜூரோங் பாயிண்ட் போன்ற குடியிருப்பு வட்டாரக் கடைத்தொகுதிக்கு வாரநாள் மாலையில் சென்றால், ஜொலிபீயின் மேசைகளில் பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகளும், வேலை முடிந்து வீட்டுக்கு இரவு உணவு வாங்கிச் செல்லும் பெற்றோரும் தென்படுகிறார்கள். சென்ற மாதம் அங்கே எனக்கு முன்னால் வரிசையில் நின்ற மலாய்ப் பாட்டி ஒருவர், பேரனுக்காக ஆறு துண்டுக் கோழியும் கூடுதல் சாறும் கேட்டு வாங்கினார். பிலிப்பீன்ஸில் அந்தக் கோழியின் ருசி எப்படி இருக்குமென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் மாமாவின் இரண்டாவது கடைக்கு வந்தவர்களோ அத்தையின் குழம்பை முன்பே சாப்பிட்டவர்கள், அதைத் தேடியே வந்தவர்கள். முதல் கவளத்திலேயே அவர்களுக்கு வேறுபாடு தெரிந்துவிட்டது.